நடுக்கம் நின்றது... குரல் தேய்ந்தது! பார்க்கின்சன் மூளைச் சிகிச்சைக்கு முன் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள். தாத்தா இப்போது காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறார். சட்டை பட்டனை அவரே போட்டுக்கொள்கிறார். வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ஆனால், வெளியூரில் இருக்கும் பேத்தி போன் செய்தால், ``தாத்தா, என்ன சொல்றீங்க... சரியா கேக்கலை'' என்கிறாள். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு, போனைப் பாட்டியிடம் கொடுத்துவிடுகிறார்.

பார்க்கின்சன் நோய்க்கு `டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன்' எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளில் நடக்கக்கூடிய காட்சி இது. கை, கால்களுக்குக் கைகொடுக்கும் இந்தச் சிகிச்சை, பேச்சு விஷயத்தில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

நோயே குரலைக் குறைக்கும்

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையும்போது, உடலின் எல்லா அசைவுகளும் சிறுத்துப்போகின்றன. நடையின் எட்டு குறுகும். கையெழுத்து பொடியாகும். அதேபோல குரலும் சிறுக்கும். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் பேசுவது, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, சொல்ல ஆரம்பிக்கும்போதே தயங்குவது எல்லாம் வரலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தன் குரல் குறைந்திருப்பது பேசுபவருக்கே தெரியாது. `நான் சரியாத்தான் பேசுறேன், உங்களுக்குத்தான் காது கேக்கலை' என்று அவர் கோபப்பட்டால், அது வீம்பு அல்ல. தன் குரலின் அளவை எடைபோடும் திறனையும் நோய் பாதித்திருக்கிறது.

மூளைக்குள் ஒரு பேஸ்மேக்கர்

1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அலிம்-லூயி பெனாபித் என்ற நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும்தான் இன்றைய ஆழ்மூளைத் தூண்டலுக்கு வழி திறந்தார்கள். மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, அவற்றைத் தோலுக்கு அடியில் ஓடும் வயர் மூலம் மார்பில் வைக்கப்படும் பேட்டரி கருவியுடன் இணைப்பார்கள். பெரும்பாலும் விநாடிக்கு 130 முறை அளவில் மின்துடிப்புகள் போகும். நடுக்கம், இறுக்கம், மாத்திரையின் வேலை முடிந்ததும் உடல் முடங்கிப்போவது போன்றவற்றுக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

ஆனால், லெவோடோபா மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் அறிகுறிகள்தான் பெரும்பாலும் இந்தச் சிகிச்சைக்கும் நன்றாகக் கட்டுப்படும். பேச்சோ மாத்திரைக்கே அவ்வளவாக மசியாத அறிகுறி.

லண்டனில் 32 நோயாளிகளைச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில்கூட, அவர்கள் பேசுவதில் மற்றவர்களுக்குப் புரியும் அளவு சராசரியாகச் சுமார் 17 சதவிகிதம் குறைந்திருந்தது. அறுவைசிகிச்சை இல்லாமல் மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் இந்தச் சரிவு 5 சதவிகிதத்துக்கும் குறைவு. இது சராசரிதான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்.

வரப்பு தாண்டும் தண்ணீர்

மின்முனை பெரும்பாலும் பொருத்தப்படும் `சப்தலாமிக் நியூக்ளியஸ்' ஒரு பட்டாணி அளவுகூட இல்லாத இடம். அதை ஒட்டியே நாக்கு, உதடு, குரல்வளைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புப் பாதைகள் செல்கின்றன. ஒரு பாத்திக்குப் பாய்ச்சும் தண்ணீர் அதிகமானால் வரப்பு தாண்டி அடுத்த பாத்திக்குள் போகும் அல்லவா? அதுபோல மின்சாரம் கூடும்போது பக்கத்துப் பாதைகளுக்கும் கசிகிறது. பேச்சு குழறுகிறது.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? நோய் வந்து பல வருடங்கள் ஆனவர்கள், அறுவைசிகிச்சைக்கு முன்பே பேச்சு தெளிவில்லாமல் இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். இடதுபக்க மூளையில் மின்முனை அமையும் இடமும் முக்கியம்.

சரிசெய்ய முடியுமா?

மின்சாரக் கசிவால் வந்த குழறல் என்றால், கருவியின் அமைப்பை மாற்றும்போது பேச்சு தேற வாய்ப்பு உண்டு. மின்சார அளவைக் குறைப்பது, விநாடிக்கு 60 அல்லது 80 துடிப்புகள் என இறக்கிப் பார்ப்பது, வேறு முனைக்கு மாற்றுவது எனப் பல வழிகளை மருத்துவர் முயல்வார். ஒரு திசையில் மட்டும் மின்சாரம் செலுத்தும் புதுவகை மின்முனைகளும் வந்துவிட்டன. ஆனால், பேச்சுக்காகக் குறைத்தால் நடுக்கம் எட்டிப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் தேவைப்படும்.

நீங்களாகக் கருவியை நிறுத்திப் பார்க்கவே கூடாது. திடீரென நிறுத்தினால் உடல் கடுமையாக இறுகி ஆபத்தாகலாம்.

அடுத்து, பேச்சுப் பயிற்சி. பார்க்கின்சனுக்கென்றே உருவான எல்.எஸ்.வி.டி லௌட் என்ற பயிற்சியில் வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 வகுப்புகள். அதன் தாரக மந்திரம் ஒன்றுதான்: `சத்தமாகப் பேசுங்கள்.' முதலில் நோயாளிக்குக் கத்துவதுபோலத் தோன்றும். அதுதான் சரியான அளவு என்று பழக்குவதே பயிற்சியின் சாரம். மூளைத் தூண்டலுக்குப் பிறகு இதன் பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் அறுவைசிகிச்சைக்கு முன்பே தொடங்குவது நல்லது.

டாக்டரிடம் கேளுங்கள்

* இப்போது பேச்சு எந்த நிலையில் இருக்கிறது? பேச்சுப் பயிற்சியாளர் பரிசோதிப்பாரா?
* எந்த இடத்தில் மின்முனை வைக்கப்போகிறீர்கள், ஏன்?
* பேச்சு பாதித்தால் அமைப்பை மாற்ற எத்தனை முறை வர வேண்டியிருக்கும்?
* விழுங்குவதில் சிரமம் வருமா? சாப்பிடும்போது புரையேறினால் உடனே சொல்லுங்கள்.

வீட்டில்...

* டி.வி-யை நிறுத்திவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள்.
* அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.
* மூச்சு எடுத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லச் சொல்லுங்கள்.
* அறுவைசிகிச்சைக்கு முன்பே மொபைலில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். அதே பத்தியை மாதம் ஒருமுறை படிக்கச் சொல்லிப் பதிவு செய்தால், மாற்றத்தை டாக்டருக்குக் காட்டலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தானாகச் சாப்பிட முடிவதும், தானாக எழுந்து நடக்க முடிவதும் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால், முடிவெடுக்கும் நாளில் `கை எப்படி ஆகும்?' என்பதோடு, `குரல் எப்படி ஆகும்?' என்றும் கேளுங்கள். அந்த வீட்டில் அடுத்த முறை போன் அடிக்கும்போது, தாத்தாவே எடுத்துப் பேச வேண்டும் அல்லவா?