கட்டணமில்லாப் பயணி (இந்திய மோட்டார் வாகனச் சட்டம்)

கட்டணமில்லாப் பயணி என்பவர் வாடகையோ வேறு கைம்மாறோ கொடுக்காமல், ஓட்டுநரின் அல்லது உரிமையாளரின் இசைவுடன் ஒரு வாகனத்தில் செல்பவர் ஆவார். பேச்சுவழக்கில் இப்பயணம் "லிஃப்ட்" என்றும், சற்று ஏளனமாக "ஓசிப் பயணம்" என்றும் சொல்லப்படுகிறது. விபத்தில் இவருக்கு ஏற்படும் காயத்துக்கு யார் இழப்பீடு தருவது என்பது இந்திய நீதிமன்றங்களில் நெடுங்காலம் வாதிடப்பட்ட கேள்வியாகும்.

ஓட்டுநரின் பொறுப்பு

ஐக்கிய அமெரிக்காவில் கனெடிகட் மாநிலம் 1927இல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றிப் பல மாநிலங்கள், விருந்தினராக ஏறியவர் சாதாரணக் கவனக்குறைவுக்காக ஓட்டுநர் மீது வழக்குத் தொடர முடியாது என்று விதித்தன. (கலிபோர்னியாவின் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1973இல் செல்லாததாக்கியது.) இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஓட்டுநர் காட்ட வேண்டிய கவனம் ஒன்றே.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது புஷ்பாபாய் உதேசி வழக்கு (1977). நாக்பூரிலிருந்து பாண்டுர்ணாவுக்கு, ஒரு நிறுவனத்தின் காரில், அதன் மேலாளர் ஓட்ட, கட்டணமின்றிச் சென்றவர் கார் மரத்தில் மோதியதால் இறந்தார். மேலாளரின் கவனக்குறைவுக்கு நிறுவனமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு 15,000 ரூபாயோடு நின்றது. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

காப்பீடு

"தேர்டு பார்ட்டி" எனப்படும் கட்டாயக் காப்பீடு சாலையில் செல்லும் பிறரைக் காக்கிறது. சொந்தக் காரில் ஏற்றிக்கொண்ட நண்பரைக் காப்பதில்லை. இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கும் இதுவே நிலை என்று திலக் சிங் வழக்கில் (2006) தீர்ப்பாயிற்று. "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று மக்கள் சொல்லும் முழுமைப் பாலிசி இவர்களையும் உள்ளடக்கும் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டை ஏற்றது.

எனவே பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து வீட்டாரைத் தம் காரில் அழைத்துச் செல்பவர், கட்டாயக் காப்பீடு மட்டுமே எடுத்திருந்து கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டைத் தம் கையிலிருந்தே கொடுக்க நேரிடலாம்.

சரக்கு வாகனங்கள்

நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலித் தொழிலாளர்கள் சரக்கு வாகனத்தில் ஏறிச் செல்வது தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலத் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் உண்டு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்துடன் செல்வோர் சிலரும் இவ்வாறு ஏறுவதுண்டு. சட்டம் இவர்களிடம்தான் கடுமையாக நடந்துகொள்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டுமே காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. வாழைத்தாருடன் ஏறும் வியாபாரிக்குக் காப்பீடு உண்டு. அதே வண்டியில் சும்மா ஏறியவருக்கு இல்லை.

சத்பால் சிங் வழக்கில் எல்லாப் பயணிகளுக்கும் காப்பீடு உண்டு என்று கூறிய உச்ச நீதிமன்றம், ஆஷா ராணி வழக்கில் (2002) அதை மாற்றிக்கொண்டது. ஆயினும் பல்ஜித் கௌர் வழக்கிலும் (2004), மனுவாரா கத்தூன் வழக்கிலும் (2017), காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. இது எல்லா வழக்கிலும் கிடைக்கும் உரிமையன்று.

இழப்பீடு கோருதல்

விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வாழும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வாழும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். திருநெல்வேலி மாவட்டத்தின் மேல்முறையீடுகள், 2004இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. இரண்டு வாகனங்களின் ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தால், பயணி முழுத் தொகையையும் இருவரில் எவரிடமும் கோரலாம் (கெனியெய் வழக்கு, 2015). தம் ஓட்டுநரின் தவறு, பின்னால் அமர்ந்திருந்தவரின் தவறாகக் கருதப்படுவதில்லை.