ருவாபெகுவைச் சுற்றி 66 கிலோமீட்டர்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள மிக உயரமான மலை ருவாபெகு. 2,797 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலை 1995, 1996, 2007 ஆகிய ஆண்டுகளில் குமுறியது. அதன் அடிவயிற்றைச் சுற்றி வரும் நடைபாதையின் நீளம் சுமார் 66 கிலோமீட்டர். ஃபகபாபா கிராமத்தில் புறப்பட்டு, இரவுகளைக் குடில்களில் கழித்து, அங்கேயே திரும்பி வர நான்கு முதல் ஆறு நாள் ஆகும். பாதை சிகரத்துக்கு ஏறுவதே இல்லை. ஆனாலும் மலையின் ஆபத்து ஆறுகளின் வழியே கீழே இறங்கி வந்துவிடுகிறது.

கிழக்குப் பக்கம் ரங்கிபோ பாலைவனம். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும் புல்கூடச் சரியாக முளைக்காத விசித்திரமான இடம் இது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் டௌபோ எரிமலை வெடித்தபோது இங்கிருந்த காடு அழிந்தது. அதன்பின் சத்தில்லாத சாம்பல் மண்ணும், வறட்டுக் காற்றும், குளிர்கால உறைபனியும் செடிகளைத் தலையெடுக்க விடவில்லை. மூடுபனி இறங்கினால் வழிக்கம்பங்களை ஒவ்வொன்றாகத் தேடித்தான் நகர முடியும்.

இங்கேதான் வங்காயெஹு ஆற்றின் தொங்குபாலம் வருகிறது. வழியில் எங்கும் நிற்காமல் கடக்கும்படி எச்சரிக்கைப் பலகைகள் சொல்கின்றன. மேலே இரைச்சல் கேட்டால் பள்ளத்தாக்கில் இறங்கவே கூடாது. ஆற்றின் தலைப்பில் இருப்பது எரிமலை வாய் ஏரி. 1945 வெடிப்பு குவித்த சாம்பல் கரை 1953 டிசம்பர் 24 இரவு உடைந்தது. பாய்ந்து வந்த லஹார், அதாவது சேற்று வெள்ளம், டங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைக்க, அடுத்து வந்த விரைவு ரயில் கவிழ்ந்து 151 பேர் மாண்டனர். 2007 மார்ச்சில் கரை மீண்டும் உடைந்தபோது எச்சரிக்கைக் கருவிகள் முந்திக்கொண்டன, உயிர்ச்சேதம் இல்லை. லஹாருக்கு மழை தேவையில்லை, வெயில் அடிக்கும் நாளிலும் வரும்.

தெற்கிலும் மேற்கிலும் பீச் மரக் காடும் சதுப்பும். டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேல்காற்று முதலில் மோதுவது மேற்குச் சரிவில்தான் என்பதால், கோடையிலும் காலை வெயில் பிற்பகலில் ஆலங்கட்டியாக மாறலாம். மங்காடுருடுரு ஆற்றுக்குப் பாலம் கிடையாது. பெருமழையில் அது பெருகினால், வடியும்வரை காத்திருப்பதே வழி. ஒரு நாள் உணவைக் கூடுதலாகச் சுமப்பது இதற்காகத்தான். பொறுமையற்றவர்களுக்கு, ஆற்றுக்குக் கிழக்கே பாதை தொடும் ஒஹகுனே மலைச்சாலை இருக்கிறது. அதில் இறங்கினால் ஒஹகுனே ஊர்.