மலிவு விலை ரிவால்வர்: சோதிக்கும் வேலை வாங்குபவருடையது

2001-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் காற்றுத் துப்பாக்கி ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்தது. டெய்ஸி நிறுவனத்தின் பவர்லைன் ரகம் அது. ரவை உள்ளே சிக்கிக்கொள்ளும், பையன் அதைக் காலி என்று நம்பிவிடுவான், பிறகு விசையை அழுத்தினால் பாய்ந்து வரும் என்பது குற்றச்சாட்டு. துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டாம், விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு நிறுவனம் பணம் செலவழிக்கட்டும் என்று 2003-ல் சமரசம் ஆனது. சமரசத்தின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜத் தோட்டா போடும் நிஜ ரிவால்வர் ஒன்று இதே கோளாறோடு வந்திருந்தால், அந்த ஆணையம் ஒரு நோட்டீஸ்கூட அனுப்பியிருக்க முடியாது.

காரணம் வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஆணையத்தை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம், வருவாய்ச் சட்டத்தின் 4181-ஆம் பிரிவில் வரி விதிக்கப்படும் எதுவும் நுகர்வோர் பொருள் ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. துப்பாக்கியும் தோட்டாவும்தான் அந்தப் பிரிவில் வருகின்றன. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதம். அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது, நல்ல காரியம்தான். ஆனால் விலையோடு சேர்ந்து வாங்குபவர் தலையில் விழும் அந்த வரியே, அவர் வாங்கிய பொருளை ஆணையத்தின் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்துவிடுகிறது. டோஸ்டரையும் தொட்டிலையும் பொம்மைத் துப்பாக்கியையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ரிவால்வரைத் தயாரித்தவரே முன்வந்து திரும்பப் பெற்றால்தான் உண்டு.

பிரிட்டனில் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் அதற்கென்று நிலையங்கள் நூற்றாண்டுகளாக இயங்குகின்றன. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இதே ஏற்பாடு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 1926-ல் தொடங்கிய தயாரிப்பாளர் சங்கம் ஒன்று தர அளவுகளை வகுத்து வைத்திருக்கிறது. பின்பற்றுவது அவரவர் விருப்பம்.

கடைக்குப் போகுமுன் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். நண்பரின் துப்பாக்கியைச் சும்மா ஒரு நாள் சுடுதளத்தில் பிடித்துப் பார்த்ததும் 'வைத்திருத்தல்' கணக்கில் சேரலாம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இனி பொருளுக்கு வருவோம். 200 டாலருக்குள் ஹெரிடேஜ் ரஃப் ரைடர் கிடைக்கிறது. அதற்கு மேல்படியில் ரோஸி, டாரஸ், சார்ட்டர் ஆர்ம்ஸ், பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர். ஸ்மித் அண்ட் வெஸன் பக்கம் போனால் பெரும்பாலும் இதைப்போல் இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தை வைத்து மலிவு ரகம் கையில் வெடிக்கும் என்று முடிவு கட்டுவது தவறு. விலை குறைவது பெரும்பாலும் மெருகில், கையால் ராவிப் பொருத்தும் வேலையில், கடைசிக்கட்டப் பரிசோதனையில். அதனால்தான் ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று பத்து வருஷம் உழைக்கும், மற்றொன்று முதல் வாரமே மக்கர் பண்ணும். 'இந்த பிராண்ட் எப்படி?' என்ற கேள்வியே பாதி வீண். கையில் இருக்கும் இந்த உருப்படி எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். அதைக் கடையிலேயே, நல்ல வெளிச்சத்தில், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரல்நுனியாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். காலியாகச் சுட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். .22 ரகங்கள் சிலவற்றில் காலியாகச் சுட்டால் ஊசி அறையின் விளிம்பில் மோதிக் கெட்டுவிடும், ஆகவே போலித் தோட்டா போட்டுத்தான் சோதிக்க வேண்டும். அதற்கும் மறுக்கிற கடையில் வாங்காமல் வந்துவிடுவது உத்தமம்.

சிலிண்டரை மூடி, ஒரு விரலை அதன் பக்கவாட்டில் லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு, சுத்தியை மெல்ல மெல்லப் பின்னால் இழுங்கள். சுத்தி கடைசி நிலைக்குப் போய்ச் சேருவதற்குள் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். சுத்தி போய்ச் சேர்ந்த பிறகும் சிலிண்டர் இன்னும் ஒரு நூல் நகரப் பாக்கி இருந்தால், அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் சுட்டால் குண்டின் ஓரம் குழல்வாயில் சீவப்பட்டு ஈயத்துணுக்காகப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கன்னத்துக்கோ கண்ணுக்கோ அது போகும். ஆறு அறை என்றால் ஆறுக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் சோம்பலாகப் பூட்டுவது மலிவு ரகத்தில் அடிக்கடி காண்பது.

அடுத்து, சுத்தியை இழுத்து நிறுத்திவிட்டு விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். கட்டைவிரலால் சுத்தியின் பின்புறத்தை ஓரளவு பலமாக முன்னே தள்ளுங்கள். அது நழுவி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

விசையை அழுத்திப் பிடித்தபடியே சிலிண்டரை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு இருக்கும், கடகடவென்று ஆடக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதில் தெரியும் தளர்ச்சி சுடச் சுடக் கூடுமே தவிரக் குறையாது. பிறகு சிலிண்டர் முகத்துக்கும் குழலின் அடிக்கும் இடையே உள்ள சந்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி. மெக்கானிக் கடையில் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் ஒன்று சட்டைப்பையில் இருந்தால் துல்லியமாகவே அளந்துவிடலாம். சந்து மிகக் குறுகினால் கரி படிந்து சிலிண்டர் இறுகும். அகன்றால் சூடான வாயு பீறிடும். எந்த ரிவால்வரிலும் அந்தச் சந்தின் பக்கத்தில் விரல் வைக்கவே கூடாது, மேக்னம் தோட்டா சதையைக் கிழித்துவிடும்.

கடைசியாக டிரான்ஸ்ஃபர் பார். விசையை அழுத்தினால் மட்டும் சுத்திக்கும் ஊசிக்கும் நடுவே எழுந்து நிற்கும் சிறு உலோகப் பட்டை இது. விசையை விட்டால் இறங்கிவிட வேண்டும். இது இல்லாத பழைய அமைப்பில் சுத்தியின் முனை தோட்டாவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி கைதவறிச் சுத்தி தரையில் பட்டால் வெடி. அந்தக் காலத்து ஆட்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் சுத்தியை இறக்கி வைத்தது இதற்காகத்தான். பேர்பெற்ற ரூகர் நிறுவனமே 1973 வரை இந்தப் பட்டை இல்லாமல்தான் ஒற்றை இயக்க ரிவால்வர்களை விற்றது. 1982 முதல் அவற்றுக்கு இலவசமாகப் பட்டை பொருத்தித் தருகிறது. இரண்டாம் கையாக வாங்குபவர் இதை அவசியம் கேட்க வேண்டும். பட்டை இருந்தும் ஆபத்து வருவதுண்டு. ரோஸி நிறுவனம் 2018-ல், தன் .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ரிவால்வர்களில் சில ரகங்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று அறிவித்துத் திரும்பப் பெற்றது. இப்படித் திரும்பப் பெறப்பட்ட எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருப்பதில்லை. எனவே வாங்குமுன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

உலோகத்தைப் பற்றியும் கேளுங்கள். விலை மிகக் குறைந்த .22 ரகங்களில் சட்டகம் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கும். 400 டிகிரி செல்சியஸ் எட்டுமுன் உருகிவிடும் உலோகம் அது. .22-க்குப் பெரும்பாலும் தாங்கும், ஆனால் தேய்மானம் எஃகைவிட வேகம். இலினாய் மாநிலச் சட்டம் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 427 செல்சியஸுக்குக் கீழே, உருகும் வார்ப்புச் சட்டகத்தோடு வரும் கைத்துப்பாக்கியைக் கடையில் விற்கக் கூடாது என்கிறது. இரண்டு சிலிண்டரோடு வரும் .22 பெட்டியில் இன்னொரு சிக்கல்: மேக்னம் சிலிண்டரில் சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவும் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று சுட்டால் பித்தளைக் கூடு வீங்கிப் பிளக்கும்.

வாங்கிய பின் தற்காப்புக்கு நம்பிக்கையாக வைத்துக்கொள்ளுமுன் குறைந்தது நூறு இருநூறு தோட்டாவாவது சுடுதளத்தில் சுட்டுத் தீருங்கள். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 விநாடி பொறுத்திருங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. இதைவிட மோசமானது 'புஸ்' என்ற பலவீனமான சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மலிவுத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் நீண்ட அரசியல் உண்டு. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், இறக்குமதியாகும் ரிவால்வருக்குக் குறைந்தது 3 அங்குலக் குழல், 36 அங்குல உயரத்திலிருந்து சுத்தியின் மேல் எடையைப் போட்டு ஐந்து முறை சோதனை என்றெல்லாம் விதி வந்தது. உள்நாட்டில் செய்யப்படும் ரிவால்வருக்கு இந்த விதி எதுவும் இல்லை. ஜெர்மனியின் ரோம் நிறுவனம் உடனே உதிரி பாகங்களைக் கொண்டுவந்து மயாமியில் ஆர்.ஜி. இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் கோத்து விற்றது. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரேகன் சுடப்பட்டது அந்த நிறுவனத்தின் .22 ரிவால்வர் ஒன்றால்தான். 1985-ல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம், கொள்ளையில் சுடப்பட்ட மளிகைக் கடை ஊழியர் ஒருவரின் வழக்கில், இந்த வகை மட்டமான துப்பாக்கி செய்பவரும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. மூன்று ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கி, விற்கத் தகுந்த ரகங்களுக்கு ஒரு பட்டியலை ஏற்படுத்தியது.

கலிபோர்னியாவில் 2001 முதல் ஒவ்வொரு ரகத்திலும் மூன்று உருப்படிகளை ஆய்வகத்தில் தலா 600 தோட்டா சுட்டு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் ஆறு விதமாகப் போட்டுத்தான் பட்டியலில் சேர்க்கிறார்கள். மாசசூசெட்ஸில் அட்டர்னி ஜெனரல் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரத்தை வைத்தே இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தார், 1999-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்றது. டெக்சாஸில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் தான் வாங்க நினைக்கும் ரகம் கலிபோர்னியாப் பட்டியலில் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பட்டியலில் இல்லாததால் மட்டும் மட்டம் என்று ஆகிவிடாது, தயாரிப்பாளர் விண்ணப்பிக்காமலும் இருந்திருக்கலாம்.

கோளாறு வந்துவிட்டால்? விற்ற கடை பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. உத்தரவாதச் சீட்டுதான் முதல் ஆயுதம். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால் யாருடைய வாழ்நாள் என்று பாருங்கள், சிலது முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். எழுத்தில் உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்தை 1975-ஆம் ஆண்டு மேக்னுசன்-மாஸ் சட்டம் கட்டுப்படுத்துகிறது. துப்பாக்கி 'நுகர்வோர் பொருள் அல்ல' என்ற சலுகை இந்தச் சட்டத்தில் கிடையாது. பழுதுக்கு நேராகத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், சரிசெய்து உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. கூரியர் நிறுவனங்களின் கெடுபிடி அதிகமாகிவிட்டதால் தயாரிப்பாளரிடமே அனுப்பும் லேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

காயம் பட்டிருந்தால் விஷயம் வேறு. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழக்குகளிலிருந்து துப்பாக்கி நிறுவனங்களுக்குப் பெரிய கவசம், ஆனாலும் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கும் உத்தரவாத மீறலுக்கும் அதில் வழி விட்டிருக்கிறார்கள். முறையாகக் கையாளும்போது நேர்ந்த விபத்து என்று காட்ட வேண்டும். சுட்டவர் வேண்டுமென்றே செய்த செயல் குற்றமாகவும் இருந்தால் பொறுப்பு அவர் மேலேயே போய்விடும். டாரஸ் நிறுவனத்தின் ஒன்பது பிஸ்டல் ரகங்கள் விழுந்தால் வெடிக்கின்றன என்று 2013-ல் புளோரிடாவில் தொடுத்த குழு வழக்கு இந்த வழியில்தான் நடந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது, 2016-ல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஏறக்குறைய பத்து லட்சம் பிஸ்டல்கள் அதில் அடங்கின.

அப்படி ஒரு நிலை வந்தால் துப்பாக்கியைக் கழற்றவோ துடைக்கவோ கூடாது. காலியாக்கிப் பூட்டி வையுங்கள். வெடித்த கூடு, மீதித் தோட்டாவின் பெட்டி, வாங்கிய ரசீது, கையேடு, அன்றைய படங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். நிறுவனம் 'அனுப்புங்கள், பார்க்கிறோம்' என்று சொன்னாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். பழுதைச் சரிசெய்து பளபளவென்று திருப்பி அனுப்பிவிட்டால் உங்கள் சாட்சியம் அதோடு போயிற்று.