தோலில் வெட்டுரு இடுதல்

தோலில் வெட்டுரு இடுதல் என்பது காலணி, பை, கையுறை முதலியவற்றுக்குத் தேவையான துண்டுகளைப் பதனிட்ட தோலின் எந்த இடத்தில், எந்தத் திசையில் வெட்டுவது என்று தீர்மானிக்கும் பணியாகும். இது கைமுறையாகவும் கணினிவழித் தானியங்கு முறையாகவும் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரத்தின் தோல் தொழிலில் இது முக்கியமான படிநிலை ஆகும். தோல் காலணியின் அடக்க விலையில் பெரும்பங்கு தோலுக்கே உரியது. எனவே வீணாகும் ஒவ்வொரு சதுர அடியும் இலாபத்தைக் குறைக்கும்.

தோலின் இயல்பு

துணியைப் போலத் தோல் சீரான அகலம் உடையதன்று. முதுகுப் பகுதியில் இழைகள் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து எளிதில் இழுபடும். முட்கீறல், உண்ணிக்கடி, சூட்டுக்குறி, உரிக்கும்போது பட்ட கத்திவெட்டு போன்ற குறைகளும் காணப்படும். ஆகவே பின்வரும் விதிகள் பின்பற்றப்படுகின்றன:

* காலணியின் முன்பகுதி சிறந்த தோற்பரப்பிலிருந்து வெட்டப்படும். அது குதிகாலிலிருந்து விரல் நோக்கிய திசையில் இழுபடாதவாறு இடப்படும்.
* நாக்கு போன்ற மறைவான துண்டுகளுக்குத் தளர்ந்த பகுதி பயன்படும்.
* ஒரு சோடியின் இடது, வலது துண்டுகள் நிறம் ஒத்திருக்குமாறு அருகருகே வெட்டப்படும்.

கைமுறை

வெட்டுபவர் தோலை மேசைமீது விரித்து, தடவியும் இழுத்தும் பார்த்துக் குறைகளை அறிகிறார். பின்னர் எஃகு அச்சுகளை ஒன்றோடொன்று நெருங்குமாறு வைத்து, கிளிக்கிங் பிரஸ் எனப்படும் பொறியால் அழுத்தி வெட்டுகிறார். இம்முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். பலன் வெட்டுபவரின் அனுபவத்தைப் பொறுத்தது. சென்னை கிண்டியில் 1957 இல் தொடங்கப்பட்ட மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இத்தகைய திறன்களைக் கற்பிக்கிறது.

தானியங்கு முறை

தோலின் உருவம் ஒளிப்படக்கருவியால் கணினியில் பதியப்படுகிறது. பணியாளர் குறைகளைத் தரவாரியாகக் குறித்துத் தருகிறார். மென்பொருள் துண்டுகளை இட்டபின், அதிரும் கத்தி அல்லது நீர்த்தாரை வெட்டுகிறது. அச்சு தேவையில்லாததால் புதிய வடிவங்களுக்கும் சிறிய ஆணைகளுக்கும் இம்முறை ஏற்றது. பொறியின் விலை மிகுதி.

துண்டுகள் கூடும்போது அவற்றை இடக்கூடிய வழிகள் மிக வேகமாகப் பெருகுகின்றன. எல்லா நேர்வுகளிலும் மிகச்சிறந்த விடையை விரைவில் தரும் படிமுறைத் தீர்வு எதுவும் அறியப்படவில்லை. எனவே மென்பொருள் நல்லதொரு விடையுடன் நின்றுவிடுகிறது.

மின்சுற்றுப் பலகையுடன் ஒப்பீடு

மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளை இடுவதும் இதே வகைச் சிக்கலாகும். உலோகத்தை மெல்லக் குளிர்விப்பதைப் பின்பற்றும் ஒரு தேடல் முறையைக் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி ஆகியோர் 1983 இல் வெளியிட்டபோது, மின்னணு உறுப்புகளை இடுவதையே ஒரு பயன்பாடாகக் காட்டினர். பலகையில் கம்பித்தடங்களின் நீளத்தைக் குறைப்பது முதன்மை நோக்கம். தோலில் வீணாகும் பரப்பைக் குறைப்பது நோக்கம். பலகையின் பரப்பு சீரானது. தோலோ ஒவ்வொன்றும் வேறானது.

இரண்டிலும் கலப்பு முறை வழக்கில் உள்ளது. பலகை வடிவமைப்பாளர் இணைப்பிகளையும் வெப்பம் மிகும் உறுப்புகளையும் தாமே இட்டு, எஞ்சியவற்றைக் கணினியிடம் விடலாம். தோலில் குறைகளை மனிதர் மதிப்பிட, கணினி இடத்தைக் கணிக்கிறது. இழுபடும் தன்மையைப் படத்தில் மட்டும் பார்த்து அறிய முடியாது. குறிக்கப்படாத குறையின்மேல் மென்பொருள் துண்டை இட்டுவிட்டால், வெட்டிய துண்டு கழிக்கப்படும். ஆகவே தானியங்கு முறையிலும் தோலை அறிந்த பணியாளரின் தேவை நீங்குவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* தோல் பதனிடுதல்
* மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்
* அச்சிட்ட மின்சுற்றுப் பலகை