சாதமா, சப்பாத்தியா? தராசு சொல்லும் கணக்கு

"ராத்திரி சாதத்தையே நிறுத்திட்டேன் டாக்டர். நாலு சப்பாத்திதான். அப்படியும் சர்க்கரை குறையலையே?"

சித்த மருத்துவத்தில் மதுமேகம் என்று சொல்லப்படும் சர்க்கரை நோயோடு வருகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதில் பெரும்பாலும் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

உணவுப் பட்டியல்களைப் பார்த்திருப்பீர்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்று ஒன்றில் இருக்கும். இன்னொன்றில் 28 கிராம் என்று இருக்கும். எது சரி? இரண்டும் சரிதான்! முதலாவது வேகாத அரிசியின் கணக்கு. இரண்டாவது வெந்த சாதத்தின் கணக்கு.

100 கிராம் அரிசியைக் குக்கரில் வைத்தால் ஏறக்குறைய 280 கிராம் சாதம் கிடைக்கும். கூடிய எடை முழுவதும் தண்ணீர். மாவுச்சத்து அதே 78 கிராம்தான். அதிக எடையில் பரவிவிட்டதால் 100 கிராம் சாதத்துக்குக் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது சப்பாத்திக்கு வருவோம். 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி போட்டால் அதில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. சுட்ட சப்பாத்தியின் எடை 40 கிராம் இருக்கலாம். கல்லில் சூடு பட்டுத் தண்ணீர் வற்றிவிடுவதால், எடைக்கு எடை பார்த்தால் சாதத்தைவிட இதில்தான் மாவுச்சத்து அதிகம். நாலு சப்பாத்தியில் 80 கிராம்! முன்னே சொன்ன 280 கிராம் சாதத்துக்கு அது சமம். கோதுமையின் நார்ச்சத்து நல்லதுதான். அதற்காக எண்ணிக்கையை மறக்கலாமா?

உருளைக்கிழங்கும் அப்படியே. 100 கிராம் கிழங்கில் சுமார் 17 கிராம். வேகவைத்தாலும் அதிகம் மாறாது. சிப்ஸாகப் பொரித்தாலோ தண்ணீர் போய் எண்ணெய் ஏறி, 100 கிராமில் 50 கிராம் வரை மாவுச்சத்து வந்துவிடும்.

"வடிச்ச சாதம்னா பரவாயில்லையாமே?" என்பார்கள். கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போவது உண்மை. ஆனால் பெரும்பகுதி சோற்றிலேயே தங்கிவிடும். பி வைட்டமின்களும் கஞ்சியோடு போய்விடும். சாதம் குழைந்தால் மாவுச்சத்து கூடுவதில்லை. ஆனால் சீக்கிரம் ஜீரணமாவதால் சர்க்கரை வேகமாக ஏறும்.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. "வேளைக்கு 50 கிராம் அரிசி" என்று டாக்டர் சொன்னதை, வீட்டில் 50 கிராம் சாதமாக நிறுத்துப் போட்டால், 39 கிராம் கிடைக்க வேண்டிய இடத்தில் 14 கிராம்தான் கிடைக்கும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு இதனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வீட்டில் ஒரே ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். 300 கிராம் அரிசியை நிறுத்துப் போட்டுச் சமையுங்கள். பாத்திரத்தின் எடையைக் கழித்து, வெந்த சாதத்தை நிறுங்கள். 840 கிராம் வந்தால், மொத்த மாவுச்சத்து 234 கிராம். ஒரு கரண்டி சாதம் 150 கிராம் என்றால் அதில் சுமார் 42 கிராம். உங்கள் வீட்டுக் கரண்டிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் தினமும் தராசைத் தேட வேண்டியதில்லை.

அடுத்த முறை டாக்டர் அளவு சொல்லும்போது, "இது வேகவைக்கும் முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை, இன்சுலின் அளவை மட்டும் நீங்களாக மாற்றவே கூடாது.