முதல் அடியின் அளவு

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாட்டுக்காக மனோதத்துவ ஆலோசனையை நாடி வருகிறவர்களுள் பலர், ஆரம்பத்தில் காட்டிய உற்சாகமெல்லாம் சில வாரங்களிலேயே வடிந்துபோக, குறித்துக் கொடுத்த பயிற்சியைச் செய்யாமல், சில சமயம் குறித்துக் கொடுத்த காகிதத்தையே எங்கோ தொலைத்துவிட்டு, தலைகுனிந்து வந்து உட்காருகிறார்கள். இதைச் சிரத்தைக் குறைவென்று கொள்வது, பள்ளிக்கூட நாள் முதல் அவர்கள் கேட்டுச் சலித்த ‘சோம்பேறி’ என்னும் பட்டத்தை, கட்டணமும் வாங்கிக்கொண்டு மறுபடி சூட்டுவதாகவே முடியும்.

அறிந்ததை உரிய வேளையில் செய்யமுடியாமற் போவதே இந்தக் கோளாற்றின் சாரம் என்றும், ஆகவே உதவியானது காரியம் நடக்கும் இடத்திலேயே காத்து நிற்கவேண்டும் என்றும் அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். ஆறு மாதம் கழித்து வரப்போகும் பலன், எவ்வளவு பெரியதாயினும், இவர்களுடைய மனத்தை இன்றைக்கு அசைப்பது அரிது. நாளைக் காலை கெடு என்றாலோ, இராமுழுதும் கண்விழித்துப் பிறர் ஆச்சரியப்படும்படி முடித்துவிடுகிறவர்களும் இவர்களில் உண்டு. இத்தகையோரிடம் லட்சியத்தின் மேன்மையைப் பிரசங்கம் செய்வதில் பிரயோஜனம் சொற்பம் என்பது என் அபிப்பிராயம்.

நியூயார்க்கில் மேரி சொலாண்டோவும் அவருடைய சகாக்களும் 88 பேரைக்கொண்டு நடத்தி, 2010-இல் வெளியிட்ட பரிசோதனை இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. ஒரு சாராருக்கு ஆதரவான குழுப் பேச்சும், மற்றொரு சாராருக்கு நேரத்தைத் திட்டமிட்டு வேலையைத் துண்டுதுண்டாகப் பகுத்துக்கொள்ளும் பயிற்சியும் 12 வாரம் அளித்துப் பார்த்ததில், கவனக் குறைவு அதிகமாகத் தணிந்தது பின்னவர்களுக்கே. தொடங்க முடியவில்லையென்றால் முதல் அடி அளவுக்கு மீறிப் பெரிது என்பது அம்முறையின் பாலபாடம்.

ஆய்வேட்டை முடிக்கவேண்டிய மாணவி ஒருத்தி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘இரண்டாம் அத்தியாயம்’ என்று குறிப்பேட்டில் எழுதுவது அவளுக்கு மலைப்பைத்தான் தரும். ‘செவ்வாய் காலை, காப்பி குடித்த கையோடு, அதே மேஜையில் கணினியைத் திறந்து அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் அடிப்பது’ என்று அதைச் சுருக்கி, அதற்கான அலாரத்தை அறையைவிட்டுப் போகுமுன் அவள் கையாலேயே கைபேசியில் வைக்கச் செய்யவேண்டும். பக்கத்தில் ஒரு தோழி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கை தானாக ஓடுகிறது என்று பலர் சொல்வதுண்டு; அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வெகுமதி, சிறியதாயினும், அன்றைக்கே கிடைக்கவேண்டும். இத்தனையும் சில வாரங்களில் பழகிப்போய், அலாரம் அடிப்பதே காதில் விழாமற் போகக்கூடும். புதுமை தீர்ந்ததும் உபாயம் உயிரிழப்பது இக்கோளாற்றின் சுபாவமாதலால், அதற்காக அவளையோ தம்மையோ ஆலோசகர் நொந்துகொள்ளாமல் வேறொன்றைத் தயாராக வைத்திருக்கவேண்டும். மருந்தைப் பற்றி வைத்தியர் தீர்மானிக்கட்டும். மாத்திரை குறிப்பேட்டைத் திறந்து தராது.

மறுவாரம் அவள் ஒன்றும் செய்யாமல் வந்தால், ‘ஏன் செய்யவில்லை?’ என்பதைவிட, ‘எந்த இடத்தில் நின்றது?’ என்று கேட்பது உத்தமம். முன்னதற்கு மன்னிப்புத்தான் விடையாக வரும். பின்னதைக் கேட்டால், கணினியைத் திறந்தவுடன் மின்னஞ்சல் கண்ணில் பட்டது, அதிலேயே மத்தியானமாகிவிட்டது என்ற சமாசாரம் வெளிப்படும். அடுத்த செவ்வாய்க்குத் தலைப்பைக் காகிதத்தில் எழுதலாமே என்று இருவருமாகப் பேசி முடிவு செய்யலாம்.