சுவரைத் துளைத்தது குளவி அன்று

சென்ற மாதம் சேலம் மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் தம் தறியைக் காட்டியபின், "ஐயா, கொல்லைச் சுவரில் நீலக் குளவி கூடு வைத்துவிட்டது. குழந்தைகளைக் கொட்டுமுன் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிமெண்டு பூசிவிடப் போகிறேன்" என்றார். மாலையில் இருவரும் போய்ப் பார்த்தோம்.

மண் சுவரில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளைகள். அருகே கத்தரிச் செடிகள். பூச்சி ஒன்று பூவின்முன் அந்தரத்தில் நின்று, சட்டென்று அடுத்த பூவுக்குப் பாய்ந்தது. அரை அங்குலத்துக்குள் அடங்கும் தடித்த உடல். மார்பில் பழுப்பு மயிர். கருத்த வயிற்றில் ஒளிரும் நீலப் பட்டைகள். குளவிக்கோ இடை ஒடுங்கியிருக்கும். மயிரும் அருகியே காணும். இது அமெகில்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்த நீலப்பட்டைத் தேனீ. பெண்ணுக்குப் பட்டை நான்கு, ஆணுக்கு ஐந்து. பட்டையின்றி நீலப் புள்ளிகள் மட்டும் இருப்பின் அது வேறு. இதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் குயில் தேனீ.

"தேன் கிடைக்குமா?" என்றார் நண்பர். கிடைக்காது. இவற்றுக்கு அரசியுமில்லை, வேலைக்காரியுமில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனக்கெனத் துளையிட்டு, மகரந்தமும் பூந்தேனும் சேர்த்து, அறைக்கொரு முட்டையிட்டு மூடிவிடும். கூட்டுறவுத் துறையைச் சேர்ந்த நான் இதைச் சொல்லச் சற்றுக் கூச்சப்பட்டேன்! காக்க வேண்டிய பொதுக் கூடு இல்லாமையால் இவை திரண்டு வந்து கொட்டுவதுமில்லை. கையில் பிடித்து நசுக்கினால் பெண் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

தேன் தராவிடினும் காய் தரும். கத்தரிப் பூவின் மகரந்தப்பைகள் நுனியில் மட்டுமே சிறு துளை உடையவை. குலுக்கினால்தான் உள்ளிருப்பது உதிரும். இத்தேனீ அவற்றைப் பற்றிப் பிடித்து, சிறகை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்கிறது. மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. அவ்வேளையில் ரீங்காரம் உயர்வதைக் காதாலேயே கேட்கலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்றசைவிலும் கத்தரி ஓரளவு காய்க்கும். இவ்வாறு அதிர்ந்த பூவோ நன்றாகப் பிடிக்கும். தக்காளிக்கும் இதே கதைதான்.

பொழுது சாய்ந்தது. வேலியோரக் காய்ந்த குச்சியொன்றில் ஆண் தேனீக்கள் வாயால் கவ்வியபடி வரிசையாக உறங்கத் தொடங்கின. குழந்தைகள் அதைக் கண்டு சிரித்தார்கள்.

நண்பர் மண்ணெண்ணெய்ப் புட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். செடிகளை ஒட்டிய மூன்று முழச் சுவரை மட்டும் பூசாமல் விடவும் இசைந்தார். கொத்தனாருக்குக் கொடுத்த முன்பணத்தில் அதற்குரிய கூலியைக் கழிக்க முடியுமா என்பதே அவருடைய கடைசிக் கேள்வி.